கதை விற்கப் போய் நான் விட்ட 35,694 ரூபாய்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் பதினொரு வருஷமாக எழுதுகிறேன். திரைக்கதை எழுதுகிறவர்களையும் படம் எடுக்கிறவர்களையும் சேர்த்துவைப்பதாகச் சொன்ன ஒரு ஆன்லைன் தளத்தால் 2023 ஜூலையிலிருந்து 2024 செப்டம்பர் வரை எனக்கு ஆன செலவு இது. உறுப்பினர் கட்டணம் 1,499. கதை மதிப்பீடு 3,500. ஆங்கில மொழிபெயர்ப்பும், பிட்ச் டெக் என்கிற படம் போட்ட கதை அறிமுகமும் சேர்த்து 14,000. சென்னையில் 'நேரடி பிட்ச்', அதாவது தயாரிப்பாளர் தரப்பு முன்னால் உட்கார்ந்து கதை சொல்வது, 9,500, அதற்குப் போய்வந்த பஸ், ரூம், சாப்பாடு 3,200. மாதாமாதம் தானாகவே போன 799 ஏழு தடவை, அதாவது 5,593. ஆக 37,292. அதில் மல்லுக்கட்டித் திரும்ப வாங்கியது 1,598. மிச்சம் 35,694 போனது போனதுதான். மண்டியில் என் சம்பளம் 16,000, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொல்லியும் பிரயோஜனமில்லை. இதே கடையை வேறு போர்டு மாட்டி வேறு யாராவது திறப்பார்கள். நான் சேர்வதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் இதையெல்லாம் எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

2023 ஜூலை உங்களுக்கு நினைவிருக்கும், தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய மாதம். எங்கள் மண்டியில் எல்லார் முகத்திலும் சிரிப்பு. முதலாளி கைச்செலவுக்கு என்று சம்பளத்துக்கு மேல் ஐயாயிரம் கொடுத்தார். அந்தக் காசு கையில் இருந்த வாரம்தான் இன்ஸ்டாகிராமில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. 'உங்கள் கதைக்காக ஒரு இயக்குநர் காத்திருக்கிறார்.' நான் அப்போதுதான் நாலு வருஷமாக எழுதிக்கொண்டிருந்த திரைக்கதையை முடித்திருந்தேன், 118 பக்கம், பெயர் 'முப்பது கிரேட்', தக்காளி அடுக்குகிற பெட்டியைத்தான் கிரேட் என்போம். பாலக்கோட்டில் லோடு ஏற்றிய வண்டி கோயம்பேடு போய்ச் சேருவதற்குள் விலை விழுந்துவிடுகிறது. அந்த ஒரு ராத்திரியில் டிரைவருக்கும், கூடவே ஏறி வந்த விவசாயிக்கும் நடுவில் நடப்பதுதான் கதை. மண்டியில் உட்கார்ந்து பதினொரு வருஷம் பார்த்தது அத்தனையும் அதில் இருக்கிறது. சென்னையில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது. உதவி இயக்குநராகச் சேர வயசு தாண்டிவிட்டது, குடும்பத்தை விட்டுவிட்டு வடபழனியில் ரூம் எடுத்துத் தங்கவும் முடியாது. போனிலேயே கதையை ஏற்றலாம், பெரிய ஆட்கள் படிப்பார்கள் என்றால் என்னைப் போன்றவனுக்கு அது தெய்வம் கொடுத்த வழி மாதிரிதான் தெரியும். 1,499 கட்டினேன். அன்று ராத்திரியே 118 பக்கத்தையும் அப்படியே ஏற்றினேன். எங்கேயும் பதிவு செய்யவில்லை, பக்கத்தில் பெயர்கூடப் போடவில்லை. விதிமுறைகளுக்குக் கீழே இருந்த கட்டத்தில் டிக் அடித்தேன், ஒரு வரி படிக்கவில்லை. மண்டியில் ஒரு எடைச்சீட்டைக்கூட இரண்டு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போடாதவன் நான்.

பத்து நாள் கழித்து ஒரு மேடம் போன் செய்தார். ரொம்ப மரியாதை, சார் சார் என்று. "சார், உங்க லாக்லைன் சூப்பரா இருக்கு, ஆனா மதிப்பீடு ரிப்போர்ட் இல்லாத ஸ்கிரிப்டை தயாரிப்பாளர்கள் திறக்கிறதில்ல சார்" என்றார். லாக்லைன் என்றால் கதையை ஒரே வரியில் சொல்வது. 5,000 ரூபாய் ரிப்போர்ட், அன்று ராத்திரி 12 மணி வரைக்கும் 3,500. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது, எங்கள் மண்டியிலும் இதே வித்தைதான், சாயங்காலத்துக்குள் எடுத்துக்கொள் இல்லையென்றால் வேறு ஆள் இருக்கிறான் என்போம். கட்டினேன். மூன்று வாரத்தில் ஆறு பக்க ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வந்தது. பத்தாவது படிக்கும் அக்கா மகனை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். நாயகனின் பயணம் வலுவாக உள்ளது, இரண்டாம் பகுதியில் கொஞ்சம் தொய்வு, வசனங்கள் இயல்பு, மொத்தம் பத்துக்கு 7.5. ஒரு வாரம் மிதந்தேன். நாலாவது பக்கத்தில் 'கடற்கரைக் காட்சியின் உணர்ச்சி அழகாக வந்துள்ளது' என்று ஒரு வரி இருந்தது. என் கதை பாலக்கோட்டில் ஆரம்பித்து கிருஷ்ணகிரி, வாணியம்பாடி டோல், வேலூர் வழியாகப் போகிறது, அதில் எங்கே கடல் வந்தது? நான் என்ன நினைத்தேன் தெரியுமா, ஏதோ உவமையாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆசை இருக்கிற இடத்தில் கண் அப்படித்தான் வேலை செய்கிறது. ரிப்போர்ட்டுக்குக் காசு கட்டுவதற்கு முன் ஏற்கெனவே எழுதிய ஒரு மாதிரி ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள், யார் படிக்கிறார், அவர் எந்தப் படத்தில் என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். வந்த ரிப்போர்ட்டில் உங்கள் கதாபாத்திரங்களின் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். என்னுடையதில் இரண்டே இடம், இரண்டும் முதல் பக்கத்தில்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. ஓடிடி கம்பெனிகளும் மும்பைக்காரர்களும் தமிழில் படிக்க மாட்டார்கள், ஆங்கிலத்தில் இருந்தால் கதவு நாலு பக்கமும் திறக்கும் என்றார்கள். பிட்ச் டெக்கோடு சேர்த்து 14,000. இந்தத் தொகையைத்தான் நான் வீட்டில் சொல்லாமல் எடுத்தேன், சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த பணம். வேலை முடிந்து வர டிசம்பர் ஆகிவிட்டது. எனக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனாலும் காட்சித் தலைப்புகளைப் பார்த்ததும் ஏதோ இடித்தது. 'உள் - மண்டி - இரவு' என்று நான் எழுதியிருந்த இடமெல்லாம் முழங்கால் என்று பொருள்படும் வார்த்தை. மண்டியை மண்டியிடுவது என்று எடுத்துக்கொண்டு ஏதோ மெஷின் மொழிபெயர்த்திருக்கிறது. 'விவசாயி மண்டிக்கு வந்தான்' என்பது 'விவசாயி முழங்காலில் விழுந்தான்' ஆகியிருந்தது. என் கதையில் விவசாயி ஐம்பது தடவையாவது மண்டிக்கு வருகிறான். 'தக்காளி நாத்து' என்று எழுதியது தக்காளி நாறுகிறது என்று ஆகியிருந்தது. போன் செய்து கேட்டதற்கு, எங்கள் மொழிபெயர்ப்பாளர் ஒரு தடவை பார்ப்பார் என்றார்கள், திருத்தி வந்ததில் பாதி முழங்கால் அப்படியே இருந்தது. பிட்ச் டெக் பன்னிரண்டு பக்கம், முகப்பில் இத்தாலியிலோ எங்கேயோ எடுத்த ஒரு தக்காளித் தோட்டத்தின் படம். எங்கள் ஊரில் யாரும் அப்படித் தொப்பி போட்டுக்கொண்டு தக்காளி பறிப்பதில்லை.

2024 பிப்ரவரியில் எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. 'வாழ்த்துகள், உங்கள் ஸ்கிரிப்டை 3 தயாரிப்பு நிறுவனங்கள் பார்த்துள்ளன.' திறந்து பார்த்தால் மூன்று பெயரும் மங்கலாக மறைத்து வைத்திருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் பிரீமியம், மாதம் 799. இந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதைத்தான் அவர்கள் விற்கிறார்கள் என்று அப்போது புரியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மண்டியில் லோடு ஏறிக்கொண்டிருக்கும்போது எடைமேடைக்குப் பக்கத்தில் நின்று போனை எடுத்துப் பார்ப்பேன், 3 என்பது 4 ஆகியிருக்கிறதா என்று. பிரீமியம் எடுத்ததும் பெயர்கள் தெரிந்தன. ஒன்றைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை, கூகுளில் போட்டால் படம் ஒன்றும் வரவில்லை. மெசேஜ் அனுப்பினேன், பதிலும் இல்லை. ஆனால் யுபிஐயில் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கிற ஆட்டோபே மட்டும் சரியாக வேலை செய்தது.

மே மாதம் சென்னையில் நேரடி பிட்ச். 9,500. 'தேர்ந்தெடுக்கப்பட்ட எழுத்தாளர்களுக்கு மட்டும்' என்றார்கள். பூந்தமல்லியில் விடிகாலை இறங்கி, வடபழனிப் பக்கம் ஒரு ஓட்டல் மினி ஹாலுக்குப் போனால் என்னைப் போல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம், ஐந்தாவது நிமிஷம் மணி அடிக்கும். எதிரே மூன்று பேர், தயாரிப்பாளர் தரப்பு என்று சொன்னார்கள், எந்தக் கம்பெனி என்று கேட்டதற்கு ரகசிய ஒப்பந்தம் என்று பதில். நான் வாணியம்பாடி டோல் வரைக்கும் வருவதற்குள் மணி அடித்துவிட்டது. ஒருவர் "ஹீரோவா யாரை மனசுல வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி. வெளியே டீக்கடையில் நின்றபோது திருவண்ணாமலையிலிருந்து வந்த ஒரு அக்காவும் தேனியிலிருந்து வந்த ஒரு தம்பியும் பேச ஆரம்பித்தார்கள். பேச்சுவாக்கில் அந்த அக்கா தன் மதிப்பீடு ரிப்போர்ட்டைப் போனில் காட்டினார். நானும் என்னுடையதைத் திறந்தேன். பத்தி பத்தியாக ஒன்றே. அவர் கதை ராமேஸ்வரத்தில் ஒரு மீனவப் பெண்ணைப் பற்றியது. என் தக்காளி லாரிக்குள் கடற்கரை எப்படி வந்தது என்று அந்த டீக்கடையில்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அந்த அக்கா அழுதுவிட்டார், அவர் வளையலை அடகு வைத்துக் கட்டியிருந்தார்.

ஊருக்குத் திரும்பி வந்து நான் செய்ததுதான் இந்த மொத்தக் கதையிலும் உருப்படியான காரியம். நீங்கள் எந்தத் தளத்தில் சேர்வதாக இருந்தாலும் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். வேறொரு மின்னஞ்சலில் 'படம் எடுப்பவர்' என்று ஒரு கணக்கு திறந்தேன். கட்டணம் இல்லை. அடையாள அட்டை கேட்கவில்லை, என்ன படம் எடுத்தாய் என்று கேட்கவில்லை, கம்பெனி பெயர் என்ற கட்டத்தில் எங்கள் தெரு மாரியம்மன் பெயரில் ஒரு பிலிம்ஸ் போட்டேன். நாலு நிமிஷத்தில் நான் தயாரிப்பாளர். நூற்றுக்கணக்கான கதைச் சுருக்கங்கள் என் முன்னால் திறந்து கிடந்தன, முதல் பத்துப் பக்கமும் படிக்கலாம். 'முப்பது கிரேட்'டையும் திறந்தேன். மறுநாள் காலையில் என் எழுத்தாளர் கணக்குக்கு மெசேஜ் வந்தது: 'வாழ்த்துகள், இன்னொரு தயாரிப்பு நிறுவனம் உங்கள் ஸ்கிரிப்டைப் பார்த்துள்ளது.' எடைமேடையில் உட்கார்ந்துகொண்டு அதைப் படித்தேன். அந்த முதல் மூன்று நிறுவனங்களும் யாரோ என் மாதிரி ஆட்களாகவே இருந்திருக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடவில்லை. ரிப்போர்ட் தருவதாகச் சொன்னார்கள், தந்தார்கள். மொழிபெயர்ப்பு தந்தார்கள். பிட்ச் நடத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் பில் இருக்கிறது. திருட்டு என்று சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளக்கூட வழியில்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது, அதுவும் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். மண்டியில் விவசாயி சரக்கு கொண்டு வருகிறார். சரக்கு விற்ற பிறகுதான் எங்களுக்கு நூற்றுக்குப் பத்து கமிஷன். விற்காவிட்டால் எங்களுக்கும் ஒன்றுமில்லை, அதனால் எப்படியாவது வியாபாரியைப் பிடித்து விற்றுக் கொடுக்கிறோம். பெரும்பாலும் நாங்கள்தான் விவசாயிக்கு முன்பணம் கொடுக்கிறோம். 'உன் தக்காளியை வியாபாரியிடம் காட்டுவதற்கு 1,499, பழம் நன்றாக இருக்கிறது என்று சீட்டு எழுதுவதற்கு 3,500' என்று ஒரு மண்டிக்காரர் கேட்டால் பாலக்கோடு மார்க்கெட்டில் அவரைச் செருப்பால் அடிப்பார்கள். நான் கதைக்கு அதைத்தான் கட்டினேன். அந்தத் தளத்தில் படம் எடுப்பவர் பைசா கொடுக்க வேண்டாம், எழுதுகிறவன்தான் கொடுக்க வேண்டும். கதை விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்களுக்கு வருமானம் ஒன்றுதான், அப்புறம் எதற்கு விற்கப் பாடுபட வேண்டும்?

எழுதுகிறவனிடம் காசு வாங்குவது இங்கே மட்டும் இல்லை. அமெரிக்காவில் பிளாக் லிஸ்ட் என்று ஒன்று, 2005இல் ஃபிராங்க்ளின் லெனார்ட் என்பவர் தனக்குத் தெரிந்த சினிமாக் கம்பெனி ஆட்களிடம், இன்னும் படமாகாத திரைக்கதைகளில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டுப் பட்டியல் போட்டு ஆரம்பித்தது. 2012இல் அதை யாரும் கதை ஏற்றலாம் என்ற தளமாகவும் மாற்றினார்கள், அங்கேயும் வைத்திருக்க மாதக் கட்டணம், மதிப்பீட்டுக்குத் தனிக் கட்டணம். ஆனால் அங்கே முதலில் படிக்கிற ஆட்கள் இருந்தார்கள், பிறகு கடை வந்தது. இன்னொன்று, வெளியாள் எழுதிய முழுத் திரைக்கதையைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் அந்த ஊரில் இருக்கிறது. நம் படங்களில் டைட்டில் கார்டைப் பாருங்கள், 'கதை திரைக்கதை வசனம் இயக்கம்' என்று பெரும்பாலும் ஒரே பெயர்தான் வரும். இயக்குநரே எழுதுகிறார், அல்லது ரூம் போட்டு டிஸ்கஷனில் உதவியாளர்களோடு சேர்ந்து எழுதுகிறார். தபாலில் வருகிற பவுண்ட் ஸ்கிரிப்ட்டை, அதாவது முழுதாக எழுதி முடித்த திரைக்கதையை, வாங்கிப் படம் எடுக்கிறவர்கள் சொற்பம். ஆள் இல்லாத சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகிறவனிடம் நுழைவுச் சீட்டு விற்பது நல்ல வியாபாரம்தான், விற்கிறவனுக்கு. ஒரு தளத்தில் சேர்வதற்கு முன், இங்கிருந்து போய்ப் படமான கதைகள் எவை என்று படத்தின் பெயரைக் கேளுங்கள். நான் சேர்ந்த தளத்தில் வெற்றிக்கதைகள் என்று ஒரு பக்கம் இருந்தது, சிரித்த முகங்கள் எட்டு, படத்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. அதையும் நான் பார்த்தது கடைசியில்தான்.

ஜூன் கடைசியில் ஆப்பை அழித்துவிட்டேன், கணக்கையும் மூடினேன். அதோடு தொல்லை விட்டது என்றிருந்தேன். ஆகஸ்டில் ஒரு நாள் வீட்டுக்காரி என் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்க, இந்த 799 யாருக்குங்க மாசாமாசம் போவுது?" என்றாள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது, சீட்டுப் பணத்தையும் சேர்த்து. அவள் சத்தம் போடவில்லை. "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? இல்ல, சொல்லித்தான் இருப்பேன், அதான் சொல்லல நீங்க" என்றாள். அது சத்தம் போட்டதைவிட மோசமாக இருந்தது. ஆப்பை அழித்தாலும் கணக்கை மூடினாலும் ஆட்டோபே நிற்காது என்பதைத் தயவுசெய்து மனசில் வையுங்கள். நீங்கள் பணம் கட்டுகிற யுபிஐ ஆப்புக்குள் போய், ஆட்டோபே என்கிற இடத்தில் அந்த அனுமதியை நீங்களேதான் ரத்து செய்ய வேண்டும், இரண்டு நிமிஷ வேலை. அதைச் செய்துவிட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். கணக்கை மூடிய மின்னஞ்சலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தது உதவியது, மூடிய பிறகு பிடித்த ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத் தொகை மட்டும் திரும்பி வந்தது. மற்றதற்கு 'சேவை ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது' என்று ஒரே பதில். மேலே போக வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையத்தில் நம் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம், எதிராளி ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. நான் போடவில்லை. அந்த முழங்கால் மொழிபெயர்ப்பை ஒருத்தர் முன்னால் எடுத்துவைத்து விளக்கும் தெம்பு அப்போது எனக்கு இல்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் யாராவது பணத்தோடு ஆளே மறைந்துவிட்டால் அது நுகர்வோர் புகார் இல்லை, மோசடி. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நடுவில் ஜூலையில் இன்னொரு கூத்து. யூடியூபில் ஒரு குறும்படம் பார்த்தேன், தக்காளி லாரி, ராத்திரி, விலை விழுகிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. என் கதையைத் திருடிவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். தர்மபுரி கோர்ட்டில் வக்கீலாக இருக்கிற பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, அவரிடம் ஓடினேன். அவர் குறும்படத்தை முழுதாகப் பார்த்தார், என் கதையையும் கேட்டார். "தக்காளி விலை விழுந்ததுக்கு நீ ஒருத்தன் மட்டும்தான் ஓனராடா? வருஷா வருஷம் பேப்பர்ல வருது" என்றார். கருத்துக்கும் கதைக்கருவுக்கும் காப்புரிமை கிடையாது, அதை நீ எழுதியிருக்கிற விதத்துக்குத்தான் உண்டு, ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றார். அதுவும் ஒரு நாடகத்தை எழுதியவர், தன் நாடகத்தைத்தான் படமாக்கிவிட்டார்கள் என்று போட்ட வழக்குதான், அவர் தோற்றார். கோபம் தணிந்து நானும் மறுபடி பார்த்தேன், அந்தக் குறும்படத்தில் ஒரு காட்சிகூட என்னுடையது இல்லை. டிரைவர் பாடும் பாட்டு என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.

அண்ணன் அன்று சொன்ன மற்ற விஷயங்கள்தான் முக்கியம். எழுதிய உடனேயே காப்புரிமை உனக்கு வந்துவிடுகிறது, பதிவு என்பது நாளைக்குச் சண்டை வந்தால் தேதியைக் காட்டுவதற்கு. அதனால் யாரிடமும் காட்டுவதற்கு முன் பதிவு, ஏற்றிய பிறகு இல்லை. டெல்லியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், இலக்கியப் படைப்பு என்ற பிரிவில் 500 ரூபாய். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் வைத்திருந்துதான் மேற்கொண்டு பார்ப்பார்கள், சான்றிதழ் வர மாதக்கணக்கில் ஆகும். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம் இருக்கிறது, மும்பையில் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷன், அதில் உறுப்பினராகிவிட்டால் வீட்டிலிருந்தே கதையைப் பதியலாம். 2018 தீபாவளிக்கு 'சர்கார்' வருவதற்கு முன் நடந்ததை எல்லாரும் படித்திருப்பீர்கள். அந்தப் படத்தின் கதை தன் 'செங்கோல்' கதைதான் என்றார் வருண் ராஜேந்திரன் என்ற உதவி இயக்குநர், அதைப் பல வருஷம் முன்னாலேயே சங்கத்தில் பதிந்து வைத்திருந்தார், அந்தப் பதிவு இருந்ததால்தான் சங்கமும் அவர் பக்கம் பேசியது, உயர் நீதிமன்றத்தில் சமரசம் வரைக்கும் போனது. நான் அந்தச் செய்தியை மண்டியில் சத்தம்போட்டுப் படித்துக் காட்டியவன். அப்படியிருந்தும் என் 118 பக்கத்தைப் பதியாமல் தூக்கி ஏற்றினேன்.

தளத்தின் விதிமுறைகளை அண்ணனை வைத்து அப்போதுதான் படித்தேன். எங்கள் தளத்தில் உள்ளவர்கள் உங்கள் கதையைப் போன்ற ஒன்றை எடுத்தால் நீங்கள் எங்கள் மேல் கேள்வி கேட்க மாட்டீர்கள் என்று ஒரு பிரிவு, விளம்பரத்துக்காக உங்கள் படைப்பின் பகுதிகளை உலகம் முழுக்கக் காலவரம்பின்றி நாங்கள் பயன்படுத்தலாம் என்று ஒரு பிரிவு. உரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் எந்த உரிமை, எத்தனை வருஷம், எந்த நாடு, எவ்வளவு பணம் என்று கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும். வருஷம் போடாவிட்டால் சட்டப்படி ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்வார்கள். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும், உரிமை காலாவதியாகிவிடும் என்றும் ஒரு விதி இருக்கிறது. 'வேறு மாதிரி' எழுதியிருக்கிறார்களா என்று அதனால்தான் பார்க்கச் சொன்னார். எதற்கும் முழு ஸ்கிரிப்டை ஏற்றாதே, ஒரு பக்கச் சுருக்கம் போதும், கேட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் உன் பெயரும் தேதியும் யாருக்கு அனுப்புகிறாய் என்பதும் போட்டு அனுப்பு என்றார். ஃபீஸ் கேட்டேன், ஒரு கிரேட் தக்காளி கொண்டுவந்து போடு என்றார். அந்த வாரம் விலை கொஞ்சம் ஏறியிருந்தது.

இப்போது என்ன நிலைமை என்று கேட்பீர்கள். கதையைப் பதிந்துவிட்டேன். அந்த டீக்கடை அக்காவும் தேனித் தம்பியும் நானும் ஒரு வாட்ஸப் குரூப்பில் ஒருத்தர் எழுதியதை ஒருத்தர் படிக்கிறோம், இப்போது ஆறு பேர் ஆகிவிட்டோம். காசு கிடையாது, ஆனால் படிக்காமல் கருத்துச் சொன்னால் குரூப்பை விட்டு எடுத்துவிடுவோம். பென்னாகரத்துப் பையன் ஒருவன், ஒரு படத்தில் அசிஸ்டெண்ட்டாக இருக்கிறான், தன் குறும்படத்துக்கு மண்டிப் பேச்சு சரியாக வர வேண்டும் என்று என்னை வசனம் எழுதச் சொன்னான். இரண்டு நாள் எங்கள் மண்டியிலேயே எடுத்தான். சம்பளம் இல்லை, பிரியாணி வாங்கிக் கொடுத்தான், பெயர் போடுவதாகச் சொல்லியிருக்கிறான். சொன்னதை வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

'முப்பது கிரேட்'டைப் படித்துவிட்டு தேனித் தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, விலை விழுந்துடுச்சுன்னு போன் வந்ததும் அந்த டிரைவர் ஏன் வண்டிய நிறுத்திட்டு இறங்கிப் போகல? அவனுக்கு வாடகைதான் கெடைக்கப் போறதில்லையே." எனக்குப் பதில் தெரியவில்லை. நாலு வருஷம் எழுதியிருக்கிறேன், 3,500 ரூபாய் ரிப்போர்ட் வாங்கியிருக்கிறேன், யாரும் இதைக் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. போன வாரம் ராத்திரி லோடு ஏறும்போது, இருபது வருஷமாகக் கோயம்பேட்டுக்கு ஓட்டுகிற ஒரு டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். அவர் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே, "எறங்கி எங்கப்பா போறது, கூட வர்ற ஆளு அங்கேயே உக்காந்து அழுவான், அதப் பாக்கறதுக்கு ஓட்டிக்கினே இருக்கறது மேலு" என்றார். லோடு பில்லின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது பாதி முழுக்க மாற்ற வேண்டியிருக்கும் போலிருக்கிறது.